திரும்பிக்கொண்ட திமிங்கிலம்

திமிங்கிலம் திரும்பிக்கொண்ட செய்தி எங்களுக்கு வியாழக்கிழமைப் படகில் வந்து சேர்ந்தது.

தீவின் அந்தப் பக்கத்து ஊரான பைஷாவில் அச்சாகும் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இரண்டு புகைப்படங்கள். ஒன்று, பத்து வருடத்துக்கு முந்தைய ஊர்வலத்தில் எங்கள் சாந்தா கிட்டேரியாவின் நகராட்சிக் கொடி. இன்னொன்று, இந்த வருட ஊர்வலத்தில் அதே கொடி. பழைய படத்தில், கேடயத்துக்குள் இருக்கும் திமிங்கிலம் இடது பக்கம் பார்க்கிறது. புதிய படத்தில் வலது பக்கம். பழைய படத்தில் கேடயத்தின் மேலே இருக்கும் வெள்ளிக் கிரீடத்துக்கு நான்கு கோபுரம். புதிய படத்தில் மூன்று.

திமிங்கிலத்தை விடுங்கள். அதற்குப் புரண்டு படுக்க உரிமை உண்டு. கோபுரம் அப்படியில்லை. சட்டப்படி நான்கு கோபுரம் என்றால் தனி நகராட்சி உள்ள ஊர். மூன்று என்றால் வெறும் கிராமம். 'தன்னைத்தானே பதவியிறக்கம் செய்துகொண்ட சாந்தா கிட்டேரியா' என்று பைஷாக்காரர்கள் தலைப்புப் போட்டிருந்தார்கள். அந்தக் கொடிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அதுவரை வாயைத் திறந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சித் தலைவர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எங்களை என்றால், தோனா இதாலினாவையும் என்னையும். தோனா என்பது பெயரில்லை, மரியாதை. தோனா இதாலினா முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தை நடத்தியவர். உறையைக் கையில் வைத்து எடை பார்த்தே உள்ளே இருப்பது அழுகையா அழைப்பா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை கனடாவிலிருந்து வந்த கடிதத்தை முகர்ந்து பார்த்து, "உன் புருஷன் வேலைய விட்டுட்டான்" என்றார். கடிதம் வந்தவளுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அடுத்த வருடம் கல்யாணமும் ஆனது, அவன் வேலையையும் விட்டான். ஓய்வு பெற்ற பிறகு அவர் துப்பறிவதை யாரும் தடுக்க முடியவில்லை.

நான் அபீலியு. இரண்டு வருடம் முன்புவரை திமிங்கிலப் படகில் துடுப்புப் போட்டவன். அதன் பிறகு அவருக்கு உதவியாளன். அவர் வீட்டில் அடுப்பு எப்போதும் எரியும், என் வீட்டுக் கூரை எப்போதும் ஒழுகும். துப்பறிவதில் எனக்கு ஆர்வம் வந்தது இப்படித்தான்.

மன்ற அறையில் கொடி இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தலைவர் டாக்டர் செவெரினு அவெலார் நின்றிருந்தார். டாக்டர் என்றால் சட்டத்தில் டாக்டர். இருமலைக் காட்டினால் அபராதம் போடுவார்.

"இது போலி," என்றார். "அசல எவனோ திருடிட்டு இதை வச்சிருக்கான். பெட்டி உடையல, பூட்டு உடையல. சாவி ஒண்ணே ஒண்ணு. அது அமான்சியு இடுப்புல இருக்கு."

கதவோரம் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்ற அமான்சியு, தன் இடுப்பைத் தானே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக நகராட்சிக் கட்டடத்தின் காவலாள், கடைநிலை ஊழியர், மணியடிப்பவர், ஊர்வலத்தில் கொடி தூக்குபவர் எல்லாம் அவர்தான்.

"பன்னெண்டு மணி அடிக்கறதுக்குள்ள எனக்குத் திருடன் பேரு வேணும்," என்றார் தலைவர். "வரலேன்னா அமான்சியுவ வெளிய அனுப்பறதைத் தவிர வேற வழியில்ல. வேலையும் போகும், கீழ இருக்கற ரூமும் போகும். பைஷாக்காரன் பதில் கேட்டு எழுதியிருக்கான்."

அந்த அறையில்தான் அமான்சியுவும் மனைவி தியோலிந்தாவும் இருந்தார்கள். படகுப் பாய் தைக்கும் கொட்டகையில் ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து ஆறு வருடமாகத் தியோலிந்தா படுக்கையில். அந்த அறையை விட்டால் அவர்களுக்கு இந்தத் தீவில் சொந்தமாக இருப்பது கல்லறையில் ஒரு இடம். அதுவும் ஒருவருக்குத்தான்.

தோனா இதாலினா பெட்டியைத் திறக்கச் சொல்லி, கொடியின் ஓரத்தை விரலால் புரட்டி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அபீலியு, கீழ இந்த நாடாவுல ஊர்ப் பேரு இருக்கே, எழுத்து சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"அதான் வேடிக்கை. படம் மட்டும் திரும்பியிருக்கு. எழுத்து திரும்பல."

"தோனா!" என்றேன் நான், கையைத் தட்டி. "ரப்பர் முத்திரை! முத்திரையில எல்லாமே திரும்பித்தானே இருக்கும்? எவனோ அதப் பாத்துத்தான் தச்சிருக்கான். வாங்க, மேட்டுல இருக்கற குமாஸ்தா வீட்டுக்குப் போவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் என்னை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே மூடுபனி. எங்கள் ஊர் மூடுபனியைப் பற்றி நான் மிகைப்படுத்த மாட்டேன். ஒருமுறை சதுக்கத்தில் ஒரு பெரியவரோடு அரைமணி நேரம் மீன் விலையைப் பற்றிப் பேசினேன். நான் சொன்ன எதையும் அவர் மறுக்கவில்லை. பனி விலகியதும் பார்த்தால் அது தண்ணீர்க் குழாய்க் கம்பம். அதன் மேல் எனக்கு அன்றிலிருந்து மரியாதை.

குமாஸ்தா முத்திரையை அலுவலகத்தில் விட்டுவைப்பதில்லை. திருட்டுக்குப் பயந்து வீட்டுக்கு எடுத்துப் போய்த் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார். சில காலைகளில் அவர் கன்னத்தில் நகராட்சிச் சின்னம் இருக்கும். அப்போது எதிரே வந்தால் எழுந்து நிற்போம்.

முத்திரையை வாங்கி, தோனா இதாலினா மூக்கருகே பிடித்தார்.

"திமிங்கலம் திரும்பித்தான் இருக்கு," என்றேன் ஆவலாக.

"எழுத்தும் திரும்பியிருக்கு. கோபுரம் நாலும் இருக்கு. இதப் பாத்துத் தச்சிருந்தா மூணு எங்கிருந்து வரும்? இது இல்ல." முத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். "அபீலியு, எழுத்து அவங்க மனசுல இருந்து வந்திருக்கு. படம் கண்ணுல இருந்து வந்திருக்கு. அந்தக் கண்ணு ஊரைத் திருப்பிப் பாக்கற கண்ணு. மூணு கோபுரம் மட்டும் தெரியற கண்ணு."

"அப்படின்னா பைஷாக்காரன்தான். அவன் நம்ம ஊர எப்பவும் குறைச்சுத்தானே பாப்பான்?"

"பேசாம வா."

திரும்பும் வழியில் சதுக்கத்து நீரூற்றின் முன்னால் நின்றார். அதன் மேல் கல்லில் செதுக்கிய ஊர்ச் சின்னம் இருக்கிறது. தபால் நிலையம், சின்னம், மாதா கோயில், இவ்வளவுதான் சாந்தா கிட்டேரியா. குடையின் நுனியால் கோபுரங்களை எண்ணினார். நான்கு. திமிங்கிலம் இடது பக்கம் பார்த்தது. எல்லாம் சட்டப்படி. மணி பதினொன்றரை. அந்த நேரம் பார்த்து, பனியோடு மழையும் சேர்ந்துகொண்டது.

"உள்ள வாங்க தோனா, நனையாதீங்க," என்று நீரூற்றுக்கு எதிரே இருந்த தன் அறை வாசலிலிருந்து கூப்பிட்டார் அமான்சியு. குரலில் ஆள் பாதிதான் இருந்தார்.

அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு பெரிய அலமாரி. கட்டிலின் தலைமாடு ஜன்னலை ஒட்டி இருந்தது. இடம் அவ்வளவுதான். தியோலிந்தா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். ஆறு வருடம் படுத்திருந்தாலும் வாய் மட்டும் ஒரு நாளும் படுத்ததில்லை.

"அபீலியு, அது உன் கால்ல இருக்கற சேறா, இல்ல சேத்துல இருக்கற காலா? வெளியவே உதறிட்டு வரத் தெரியாதா?"

"உதறினா காலும் சேந்து விழுந்துடும் அக்கா, வயசாயிடுச்சு."

"விழட்டும். நாக்கு விழற வரைக்கும் உனக்குக் கவலையில்ல." பிறகு தோனா இதாலினாவிடம் குரலை மாற்றிக்கொண்டு, "மேல போயிருந்தீங்களாமே? கொடியப் பாத்தீங்களா? அழகா இருக்குன்னு ஊரே சொல்லுதாமே? இவர்தான் வந்து சொன்னார்," என்றாள்.

எங்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அமான்சியுவின் கையிலிருந்து கோப்பை விழுந்தது.

"பாத்தேன்மா," என்றார் தோனா இதாலினா மெதுவாக. "கை சுத்தம். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கு."

தியோலிந்தாவின் முகத்தில் வந்ததை எப்படிச் சொல்வது? ஆறு வருடமாக அந்த அறைக்குள் வராத வெயில், ஒரு நொடி, வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

தோனா இதாலினா கட்டிலோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, தலையைத் தியோலிந்தாவின் தலையணை உயரத்துக்குச் சாய்த்தார். ஜன்னல் முதுகுப் பக்கம் போய்விட்டது. எதிரே அலமாரியின் கதவில் ஆள் உயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் ஜன்னல். ஜன்னலில் நீரூற்று. நீரூற்றின் மேல் கல் சின்னம். கண்ணாடிக்குள் திமிங்கிலம் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் தீவின் ஈரத்தில் உப்பைக் கரண்டியால் எடுக்க மாட்டோம், ஊற்றுவோம். அந்த ஈரம் கண்ணாடியின் பின்பூச்சையும் ஒரு மூலையில் தின்று கறுப்பாக்கியிருந்தது. கறுப்புக்குள் ஒரு கோபுரம் மூழ்கிவிட்டது. மிச்சம் மூன்று.

அவர் எழுந்தார். "அமான்சியு, அபீலியு, கொஞ்சம் வெளிய வாங்க."

வாசல் வளைவுக்குக் கீழே, மழைச் சத்தத்தில், அமான்சியு அவர் கேட்பதற்கு முன்பே தலையாட்டினார்.

"அவதான் தச்சா தோனா. ஒரு குளிர்காலம் முழுக்க. அதுவரைக்கும் கொடியில பூஞ்சை எடுக்கறேன்னு சொல்லிச் சமாளிச்சேன். பாய் தைக்கற கை, எதையும் தைக்கும். பெட்டிக் கொடிய இவ ஒரு நாளும் பக்கத்துல பாத்தது கிடையாது. கண்ணாடியில தெரிஞ்சதப் பாத்துத் தச்சா."

"நீ சொல்லியிருக்கலாமே, திமிங்கலம் எந்தப் பக்கம் பாக்கும்னு?"

"எனக்கு எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வருஷமா நான் கொடிக்குப் பின்னாலதான நடக்கறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பத்திரிகையில வந்தது அவளுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க. அந்தக் கொடி ஒண்ணுதான் அவளை உக்கார வச்சிருக்கு."

"அசல் எங்கே?"

அமான்சியு என்னைப் பார்த்தார். தோனா இதாலினா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு அபீலியு. உன்னை எனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்? ஒரு நாளும் நீயா எழுந்து எங்கயும் நடந்தது கிடையாது. இன்னிக்கு முத்திரையத் தேடி மேட்டுல ஏறி ஓடினியே, அப்பவே தெரியும். என்னை இந்த ரூம் பக்கம் வர விடாம இழுத்துட்டுப் போனே."

நான் கடல் இருக்கும் திசையைப் பார்த்தேன். பனியில் கடல் தெரியவில்லை. அதற்கும் வெட்கம் போலும்.

"ரெண்டு வருஷம் ஆச்சு தோனா. ஆகஸ்ட் மாசம். பூஞ்சை பிடிக்காம இருக்கக் கொடிய வெளிய எடுத்துக் காயப் போடுவாரில்ல, அன்னிக்குக் கடற்சுவர் மேல காயப் போட்டிருந்தார்..."

மீதியைச் சொல்வதற்கு முன், எங்கள் ஊரில் வேட்டு வெடித்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் காவல் இருப்பவன் திமிங்கிலத்தைக் கண்டு வேட்டு விட்டதும், படகுக்காரன் கையில் என்ன இருக்கிறதோ அதோடு ஓடுவான். முடிதிருத்துபவர் கத்தியோடு ஓடுவார், பாதி சவரம் ஆனவன் பாதி முகத்தோடு பின்னால் ஓடுவான். எங்கள் படகில் துடுப்புப் போடும் அமான்சியுவும் அன்று கொடியைச் சுருட்டிய கையோடு ஓடி வந்தார். நான் ஆக்டோபஸ் குழம்புத் தட்டோடு ஓடினேன்.

அங்கேதான் தவறு. கொன்ற திமிங்கிலம் அலையில் தொலையாமலிருக்க, அதன் முதுகில் ஒரு சிறிய அடையாளக் கொடியைக் குத்தி வைப்போம். அந்தக் கொடியைக் கரையிலிருந்து படகுக்கு எடுத்து வரும் பொறுப்பு என்னுடையது. திமிங்கிலத்தைக் கொன்றோம். இன்னொன்று தூரத்தில் நீரைப் பீய்ச்சியது. துரத்த வேண்டும். "கொடியக் குத்து!" என்று கத்தினார் படகுத் தலைவர். என் கையில் இருந்தது தட்டு. அமான்சியு மடியில் இருந்தது சாந்தா கிட்டேரியா நகராட்சி.

"நான்தான் வாங்கிக் குத்தினேன்," என்றேன். "பத்து நிமிஷத்துல பனி இறங்கிடுச்சு. மூணு நாள் தேடினோம். திமிங்கலமும் இல்ல, கொடியும் இல்ல. படகுல ஏழு பேர். ஏழு பேரும் வாயக் கட்டிக்கிட்டோம். அதுக்கப்புறம் நான் துடுப்பத் தொடல."

தோனா இதாலினா குடையிலிருந்த மழைநீரை உதறினார். பிறகு, "குழம்பு என்னாச்சு?" என்றார்.

"அது பத்திரமா வந்துடுச்சு."

மணி பன்னிரண்டு அடித்தது. அடிக்க வேண்டிய அமான்சியு இங்கே நின்றதால், தலைவரே மேலே போய் அடித்திருக்க வேண்டும். கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"என்ன, பேரு கிடைச்சுதா?"

என் வாழ்நாளில் தோனா இதாலினா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தந்தி வாசிக்கும் குரலில் சொன்னார்.

"திருட்டே இல்ல டாக்டர். பழைய தலைவர் காலத்துல அசல் நைஞ்சு போச்சு. அவர் யாருக்கும் சொல்லாம லிஸ்பன்ல ஒரு ஃபேக்டரிக்கு எழுதி, மெஷின்ல ஒண்ணு தைக்கச் சொல்லி வாங்கியிருக்கார். பார்சல் என் கை வழியாத்தான் வந்துச்சு. ஃபேக்டரிக்காரன் தப்பாத் தச்சுட்டான். செத்தவர் மேல என்ன கேஸ் போடறது?"

தலைவர் முகம் விரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. பதில் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். கொடியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நினைச்சேன்! மெஷின் வேலைதான், பாத்தாலே தெரியுது. மனுஷக் கை பட்டிருந்தா இப்படிக் கேவலமா இருக்குமா? திமிங்கலமா இது? குடிச்சுட்டுக் கவுந்த பன்னி மாதிரி இருக்கு."

அமான்சியு கதவைச் சாத்தப் போனார். கதவு, ஈரத்தில் உப்பி, நகரவில்லை.

"மெஷினா?"

உள்ளேயிருந்து வந்த குரல் அது.

"யாரது மெஷின்னு சொன்னது? அந்த வாலைப் பாத்தியாய்யா? வாலுக்கு மட்டும் பதினோரு நாள்! ஒவ்வொரு இழையையும் மெழுகு போட்டுத் தேச்சேன். எந்த மெஷின் முடிச்ச உள்ள மறைக்கும்? பின்னாடி திருப்பிப் பாரு! கண்ணு இருந்தா பாரு! படிச்சவராம், கைத்தையலுக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியல!"

"தியோலிந்தா, போதும்," என்றார் அமான்சியு.

"நீங்க சும்மா இருங்க! எவனோ ஃபேக்டரிக்காரன் பேரை என் தையல்மேல ஒட்டுவாங்க, நான் கேட்டுட்டு இருக்கணுமா?"

தலைவர் கொடியைத் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை மிக மெதுவாக மடித்தார், அதற்கு வலிக்கும் என்பதுபோல.

"நல்ல தையல்மா," என்றார். எங்கள் பக்கம் திரும்பியபோது எங்களைப் பார்க்கவில்லை. "இது காதுல விழாத மாதிரி நான் இருந்துடலாம். குமாஸ்தா முத்திரையோட வந்து மாடி ஜன்னல்ல நிக்கறான். அவன் மச்சான் பைஷாவுல இருக்கான். ரூமக் காலி பண்ணத் திங்கட்கிழமை வரைக்கும் டைம் தரேன்."

"கொடியக் கடல்ல விட்டது நான் டாக்டர்," என்றேன். "என்னைத் தண்டிங்க."

"உனக்கு வேலையும் இல்ல, நல்ல கூரையும் இல்ல. உன்கிட்டேருந்து எதைப் பறிக்கறது அபீலியு?"

சட்டத்தில் டாக்டர் அல்லவா, சரியாகத்தான் கேட்டார்.

திங்கட்கிழமை மாட்டு வண்டி கொண்டு வந்தேன். அவர்கள் போவதற்கு என் வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. ஒழுகாத மூலை ஒன்று இருக்கிறது, கட்டில் நுழைகிறதா என்று அளந்து வைத்திருந்தேன். அலமாரி நுழையாது. அதை வாசலில் விட்டுத்தான் போக வேண்டும்.

தியோலிந்தாவை நாற்காலியில் வைத்து, முன்னால் அமான்சியுவும் பின்னால் நானுமாகத் தூக்கினோம். ஆறு வருடத்தில் அவள் வாசலைத் தாண்டுவது அதுவே முதல் தடவை. வாசலுக்கு நேர் எதிரே நீரூற்று. வருடத்தில் முந்நூறு நாள் மூக்கு நுனி தெரியாத ஊரில், ஒரு நாள், ஒரே ஒரு நாள், பனி வேண்டுமென்று மூன்று பேர் வேண்டிக்கொண்டோம். தோனா இதாலினா கோயிலை நோக்கிச் சிலுவைகூடப் போட்டார். அன்றைக்கு வானம் கழுவித் துடைத்தாற்போல இருந்தது. அடுத்த தீவில் மாடு மேய்வது தெரிந்தது. மாடு எந்தப் புல்லை விரும்புகிறது என்பதும் தெரிந்தது.

"நிறுத்துங்க," என்றாள் தியோலிந்தா.

நிறுத்தினோம். அவள் கல் சின்னத்தைப் பார்த்தாள். திமிங்கிலத்தின் தலை இருக்கும் பக்கத்தைப் பார்த்தாள். விரலை உயர்த்தி, கோபுரத்தை ஒவ்வொன்றாகத் தொடுவதுபோல எண்ணினாள். நான்காவதில் விரல் நின்றது. அமான்சியு நாற்காலியின் காலைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கல்லு செதுக்கினவன் தப்புப் பண்ணிட்டான்," என்றாள்.

"ஆமாக்கா," என்றேன். "ரொம்ப வருஷமாவே அப்படித்தான் இருக்கு. யாரும் கவனிக்கல."

தோனா இதாலினா குடையை விரித்தார். மழை இல்லை. நாங்கள் நாற்காலியை வண்டியில் ஏற்றினோம்.